டீசல் குழாயில் சோலையப்பன்

உப்போடைப்பட்டியில் ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு, கிணற்றில் விழுந்து செத்த டிரைவர் சோலையப்பனின் மூச்சு டிராக்டரின் டீசல் குழாய் வழியாக வெளியே வந்தபோது ஊரே ஆடிப்போய்விட்டது உண்மைதான். ஆனால் மூச்சு வந்ததற்காக யாரும் ஆடிப்போகவில்லை. கிணற்றுக்குள் போன வண்டி, அதுவும் ஆளோடு போன வண்டி, அந்த ஆளின் மூச்சு எங்காவது ஓர் இடுக்கில் தங்கியிருக்கத்தானே செய்யும் என்று ஊர் அதை ஒரு வாய் டீயோடு விழுங்கிக்கொண்டது. தொண்டையில் சிக்கியது வேறொன்று. அதைச் சொல்லத்தான் வந்தேன், அதற்கு முன்னால் அந்த டிராக்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அது பெத்துராசு மொதலாளியின் டிராக்டர். வாங்கிய புதிதில் சிவப்பாக இருந்தது. பிறகு காவியாகி, பிறகு கரிசல் மண்ணும் கரும்புகையும் ஏறி, எந்தப் பெயிண்டுக் கடைக்காரராலும் பெயர் சொல்ல முடியாத ஒரு நிறத்துக்கு வந்து சேர்ந்தது. சோலையப்பன் அதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த காலத்தில் ஊரின் பாதிக் காட்டை அதுதான் உழுதது, கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தண்ணீர் வண்டி இழுத்தது, கல்யாண வீட்டுக்குப் பந்தல் கம்பு சுமந்தது, பிரசவ வலி கண்ட பெண்களை டிரெய்லரில் வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது, அப்படிப் போகும்போது மட்டும் மேடு பள்ளம் தெரியாமல் பதவிசாகப் போனது. ஒருநாள் காலை, மேலக்காட்டுக் கிணற்றை ஒட்டிய வண்டிப் பாதையில் வந்துகொண்டிருந்த அது சட்டென்று ஒரு பக்கமாகச் சுழன்று, கைப்பிடிச் சுவர் இல்லாத அந்தக் கிணற்றுக்குள் சோலையப்பனோடு போய் விழுந்ததைத் தூரத்தில் கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அவர்கள் ஓடி வருவதற்குள் தண்ணீர் மூடிக்கொண்டது.

டவுனிலிருந்து கிரேன் வந்து வண்டியைத் தூக்கியது. கிணற்று மேட்டில் நின்றிருந்த பெத்துராசு, "குடிச்சிட்டு ஓட்டுனானோ என்னமோ" என்றார். அவர் சந்தேகமாகச் சொன்னதை டீக்கடை நிச்சயமாகக் கேட்டுக்கொண்டது. சாயங்காலத்துக்குள் எங்கே குடித்தான், என்ன குடித்தான், யாரோடு குடித்தான் என்பதுவரை முடிவாகிவிட்டது. யாரோடு என்றால் நல்லமாடனோடுதான், ஏனென்றால் ஊரில் யார் குடித்தாலும் அவனோடுதான் குடிக்க வேண்டும். எந்த நாளில் என்ன செய்தோம் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இருந்த நல்லமாடனும் அதை நம்பி, நானே என் சேக்காளியைக் குடிக்கவைத்துக் கொன்றுவிட்டேனே என்று மண்ணில் புரண்டு அழுதான், அந்த அழுகையே சாட்சியாகிப் போனது.

சோலையப்பனின் பெண்டாட்டி மாரிக்கனி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவரு குடிக்கவே மாட்டாருன்னு நான் சொல்லல. நல்லது கெட்டதுக்குக் குடிப்பாரு. அன்னைக்குக் குடிக்கல. கம்மங்கஞ்சியும் நாலு உரிச்ச வெங்காயமும்தான் சாப்பிட்டுப் போனாரு" என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னாள். புருசன் பேரைக் காப்பாற்ற எந்தப் பொம்பளையும் சொல்லுவதுதானே என்று ஊர் தலையை ஆட்டியது. ஆட்டிய தலையில் நம்பிக்கை இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

அவளுக்கு அது வெறும் ரோசம் இல்லை. அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பங்குனிக் கொடையன்று சாமியாடி தீப்பந்தத்தோடு நின்று, காட்டு வேலையில் உயிர் விட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்; பாம்பு தொட்டவர், இடி விழுந்தவர், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கிற கமலையில் சிக்கியவர், எல்லோர் பெயரும் வரும்; பெயர் வந்ததும் அந்த வீட்டுப் பெண் கூட்டத்திலிருந்து "இருக்கோம்!" என்று குரல் கொடுக்க வேண்டும். குடித்துச் செத்தவன் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். சாமியாடியின் காதில் பெயர்களை எடுத்துக் கொடுப்பவர் கோயில் தர்மகர்த்தாவான பெத்துராசு. மாரிக்கனி ஒவ்வொரு கொடைக்கும் தலைக்குக் குளித்து, அந்த ஒரு சொல்லைத் தொண்டையில் வைத்துக்கொண்டு கூட்டத்தில் நிற்பாள். பந்தம் அணைந்ததும் அந்தச் சொல்லோடு வீடு திரும்புவாள்.

வண்டி பெத்துராசின் தொழுவத்துப் புளியமரத்தடியில் கிடந்தது. அவர் வேறொரு டிராக்டரை வாங்கினார், விற்றார், பிறகு வாடகை வண்டிகளை வைத்தே காலத்தை ஓட்டினார். இந்த ஐப்பசியில் மழை ஒரே மூச்சாகப் பெய்து ஓய்ந்தபோது சுற்றுவட்டாரத்தில் ஒரு வாடகை டிராக்டரும் கிடைக்கவில்லை. கரிசல் ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும், காய்ந்தால் கடப்பாரைக்கும் இறங்காது. வேறு வழியில்லாமல் டவுனிலிருந்து மெக்கானிக் ஞானதுரையை வரச் சொன்னார்.

ஞானதுரை வாய்ச்சவடால் பேர்வழி. பைக்கிலிருந்து இறங்கும்போதே, "அண்ணாச்சி, நம்ம சத்தத்தக் கேட்டாலே இஞ்சின் எந்திரிச்சு உக்காந்துக்கும். சாயங்காலம் உழவு, ராத்திரி நமக்குக் கோழி" என்றார். டீசல் டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தார். சேறும், தவளை ஒன்றும் வந்தன. தவளை கோபமாகப் பார்த்துவிட்டுப் போனது. பழைய ஆயில் டீத்தூள் சக்கைபோல வந்தது. ஃபில்டரை மாற்றினார், பேட்டரியை மாற்றினார், ரேடியேட்டருக்குள் குடியிருந்த குளவிகளைப் புகை போட்டுக் கிளப்பினார். பிரேக் மிதி பக்கம் குனிந்தவர் மட்டும், கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். டிராக்டருக்கு வலது கால் பக்கம் பிரேக் மிதி இரண்டு உண்டு. இரண்டிலும் ஒவ்வொரு முடிச்சாகச் சிவப்பு நைலக்ஸ் துணி கட்டியிருந்தது, அதன்மேல் குங்குமம் அப்பியிருந்தது. வண்டிக்குக் கண்ணேறு படாமலிருக்கக் கட்டிய திருஷ்டித் துணியில் மெக்கானிக் கை வைக்கலாமா? கிரேன்காரர்களும் வைக்கவில்லை. பெத்துராசு வீட்டுப் பெண்கள் ஆயுதபூசை தோறும் அதற்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள்.

இஞ்சினில் எல்லாம் முடிந்து, கடைசி வேலை மிச்சமிருந்தது. டீசல் போகிற குழாயில் துளிக் காற்று இருந்தாலும் இஞ்சின் பிடிக்காது. அதனால் ஒரு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரையெல்லாம் வெளியேறி வெறும் டீசல் வருகிறவரை விட வேண்டும். இதற்குக் காற்று எடுப்பது என்று பெயர், கைப்பழக்கம் உள்ளவர் ஒரு பீடி புகைக்கிற நேரத்தில் முடித்துவிடுவார். ஞானதுரை திருகைத் தளர்த்திப் பம்பை அடித்தார். நுரை வந்தது. அடித்தார், நுரை வந்தது. மறுபடி மறுபடி அடித்தார், குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. வாஷர் சரியில்லை என்றார், மாற்றினார். குழாயில் கீறல் என்றார், புதுக் குழாய் போட்டார். பம்பு போய்விட்டது என்றார், பம்பையும் மாற்றினார். கடைசியில் இது மொதலாளியின் கஞ்சத்தனத்தால் வந்த கோளாறு என்று முணுமுணுத்தபடி திருகை முழுசாகக் கழற்றினார். அப்போது பம்பை யாரும் தொடாமலே அந்தத் துளை வழியாகக் காற்று புஸ்ஸென்று கிளம்பி, அவர் தலைமுடியைப் பின்னால் தள்ளி, தொழுவத்து மாடுகளின் காதுகளை மடக்கி, சுவரில் காய்ந்த எருவாட்டியை உதிர்த்துவிட்டு, கொஞ்சம் நின்று, மறுபடி வந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. நெஞ்சு ஏறி இறங்குகிற கதியில் விட்டுவிட்டு வந்தது.

"கிணத்துக் காத்து. தீந்துரும்" என்றார் ஞானதுரை.

தீரவில்லை. மறுநாளும் வந்தது, அதற்கும் மறுநாளும் வந்தது. இதற்குள் ஊர் அந்தக் காற்றுக்கு வேலை கொடுத்துவிட்டது. மழைக்காலத்தில் சும்மா கிடைக்கிற காற்றை யார் விடுவார்கள்? விதைக்கு வைத்திருந்த உளுந்தை முறத்தில் கொண்டுவந்து அதன் முன்னால் தூற்றினார்கள், தூசி பறந்து விதை மணி மணியாக விழுந்தது. ஈரத் துணிகளைப் புளியமரத்தில் கொடி கட்டிக் காயப் போட்டார்கள். சைக்கிள் டியூபுக்குக் காற்றுப் பிடித்தார்கள், அப்படிப் பிடித்த சைக்கிள்கள் எதிர்காற்றிலும் சிரமப்படாமல் போயின. இழுப்பு நோயில் பல வருசமாக உட்கார்ந்தே தூங்கிய ஒருவர் திருகுக்கு நேரே கட்டிலைப் போட்டுப் படுத்து, சாயங்காலம் எழுந்து, நடந்தே வீட்டுக்குப் போனார். அடுத்த ஊரிலிருந்து ஒரு நாதஸ்வரக்காரர் வந்து கேட்டுப் பார்த்து, சுருதி அரைக்கட்டை குறைகிறது என்று குற்றம் சொல்லிவிட்டுப் போனார். யார் முறை, யாருக்கு எவ்வளவு நேரம் என்று வரிசையில் இரண்டு சண்டைகள் நடந்தன. பெத்துராசு மட்டும் காய்கிற காட்டையும் காயாத காற்றையும் மாறி மாறிப் பார்த்து வயிறெரிந்தார்.

"என்னய்யா ஞானதுரை, ஈரம் போய்க்கிட்டே இருக்கு. நீ பஞ்சர் ஒட்டுத மாதிரி குமிழி பாத்துக்கிட்டு இருக்க!"

"அண்ணாச்சி, உள்ள இருக்கது வெளிய வந்துதான் தீரணும். அடைச்சு வச்சா இஞ்சின் பிடிக்காது" என்றார் ஞானதுரை. அவர் அதைத் தொழில் சமாச்சாரமாகத்தான் சொன்னார்.

அந்த ஊர்ப் பெண்கள் வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டிக் கூடு ஒட்டுகிறவர்கள். மழை நசநசப்பில் பசை காயாமல் கூடுகள் ஊறிப் போயிருந்ததால், ஆளாளுக்குக் கூடை கூடையாக அந்தக் காற்றுக்குக் கொண்டுபோனார்கள். மாரிக்கனி போகவில்லை. புருசனைக் கொன்ற வண்டியின் நிழலைக்கூட அவள் மிதித்ததில்லை. அவள் படுகிற பாட்டைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி அவளுடைய கூடையையும் சேர்த்துத் தூக்கிப் போய், காயவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தாள்.

மாரிக்கனி கூடுகளை அடுக்க எடுத்தாள். ஒன்றை மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொன்றை எடுத்தாள். பிறகு கூடையையே முகத்தோடு சேர்த்துக்கொண்டாள். பச்சை வெங்காயமும் புளித்த கம்மங்கஞ்சியும் கலந்த வாடை. கல்யாணமாகி வந்த முதல் வாரம் அவளுக்குக் குமட்டிய வாடை, பிறகு அது இல்லாமல் தூக்கம் வராமல் போன வாடை. அவள் செருப்பும் போடாமல் தொழுவத்துக்கு நடந்தாள், போகிற வழியில் அவளைக் கண்டவர்கள் எல்லாம் பின்னாலேயே வந்தார்கள்.

திருகு இருந்த இடத்துக்கு நேராகப் போய் நின்றாள். காற்று வந்து அவள் நெற்றி முடியைத் தள்ளியது. அவள் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள், பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள்.

"இது அவரு மூச்சு" என்றாள்.

"பின்னே வேற யாரு மூச்சு?" என்றாள் முறத்தோடு நின்ற ஒருத்தி. அதெல்லாம் ஊருக்குத் தெரிந்த விஷயம்தானே என்கிற குரல் அது.

"அது சரி மதினி. என்ன வாடை அடிக்கின்னு பாருங்க."

ஒருவர் பாக்கியில்லாமல் மோந்து பார்த்தார்கள். இத்தனை நாளும் யாரோ கஞ்சி குடித்துவிட்டு வந்து நிற்கிறார்கள் என்று ஆளுக்கு ஆள் பக்கத்து ஆளை நினைத்துக்கொண்டிருந்த வாடை அது. இப்போது ஒவ்வொரு முகமாக வெளுத்தது. செத்தவன் மூச்சைக் கண்டு மிரளாத கூட்டம், அந்த மூச்சில் சாராய வாடை இல்லை என்பதைக் கண்டு மிரண்டது. இடி விழுந்த இடத்தில் நிற்கிறவர்களைப் போல நின்றார்கள். கடைசியில் டீக்கடைக்காரர்தான், "நல்லமாடனக் கூப்பிடுங்கப்பா" என்றார்.

அந்த விஷயத்தில் நல்லமாடன் சொல்லே தீர்ப்பு. ஒரு தம்ளரைத் தூர இருந்து மோந்தே அதில் என்ன இருந்தது, எப்போது இருந்தது, எவ்வளவு தண்ணீர் கலந்தது என்று சொல்லிவிடக் கூடியவன். கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். அவன் மண்டியிட்டு, திருகின் துளையில் மூக்கை வைத்து, ஒரு மூச்சு இழுத்தான், விட்டான், மறுபடி இழுத்தான். விழாமலிருக்க யார் கையையோ பிடித்திருந்த அவன் பிடி நழுவியது.

"பட்டை இல்ல. கள்ளு இல்ல. கடைச் சரக்கு இல்ல. மொத நாளு குடிச்ச மிச்சங்கூட இல்ல" என்றான். போதை முகத்திலிருந்து வடிவது வெளியே தெரிந்தது. சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"அப்ப அன்னைக்கு நான் யாருகூடக் குடிச்சேன்?"

கூட்டம் ஓரடி பின்னால் நகர்ந்தது.

"நான் கொல்லலியா மதினி? நான் அவனக் கொல்லலியா?" என்று மாரிக்கனியிடம் கேட்டான். "அதத் தாங்க முடியாமத்தான அதுக்கப்புறம் நிப்பாட்டவே முடியல எனக்கு. ஏன்யா, எல்லாருமா சேந்து என்ன காரியம் செஞ்சிட்டீக!" அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான். அவனைப் பார்க்க முடியாமல் ஊர் தரையைப் பார்த்தது.

மாரிக்கனி வண்டியைச் சுற்றி வந்தாள். இத்தனை வருசம் பார்க்காததை எல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவள் பிரேக் மிதிகளின் முன்னால் நின்றுவிட்டாள். குனிந்து, அந்தத் திருஷ்டித் துணியில் கை வைத்தாள். இரண்டு மூன்று பெண்கள் "ஏய், ஏய்!" என்று பதறினார்கள். அவள் குங்குமத்தை விரலால் சுரண்டினாள். அடியில் சிவப்பில் மஞ்சள் பூ.

"இது என் சேலை" என்றாள். "அன்னைக்குக் காலைல ஒரு துண்டுத் துணி குடுன்னு கேட்டாரு. கை துடைக்கக் கேக்காருன்னு பழைய சேலைல கிழிச்சுக் குடுத்தேன்."

ஒரு மிதியில் தொங்கிய கிழிசல் நுனியை ஒரு கையிலும் மற்றதில் தொங்கிய நுனியை மறு கையிலும் பிடித்து இழுத்து ஒன்று சேர்த்தாள். ஒரு நுனியில் இருந்த அரைப் பூவும் இன்னொரு நுனியில் இருந்த அரைப் பூவும் பொருந்தி முழுப் பூவாயின.

ஞானதுரையின் வாய்ச்சவடால் அந்த இடத்தில் நின்றது. அவர் ஓடி வந்து மிதிகளுக்கு இடையில் கையை விட்டுத் துழாவினார். முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது.

"கொக்கி இல்ல!" என்றார். ஊருக்குப் புரியவில்லை என்று கண்டு, விளக்கிச் சொன்னார்: "ஒரு மிதி இடது சக்கரத்துக்கு, ஒண்ணு வலது சக்கரத்துக்கு. காட்டுல திருப்புறதுக்குத் தனித்தனியா மிதிக்கணும். பாதையில ஓடும்போது ரெண்டையும் கொக்கி போட்டு ஒண்ணாப் பூட்டிரணும். பூட்டலன்னா ஒரு பக்கச் சக்கரம் மட்டும் நிக்கும், வண்டி அந்தப் பக்கமாச் சுத்திரும். கொக்கி ஒடஞ்சிருக்கு. அதுக்குப் பதிலா சேலைத் துணிய வச்சுக் கட்டியிருக்காரு. கிணத்தடியில மிதிச்சிருக்காரு. துணி அறுந்திருக்கு." கண்ணில் ஒற்றிக்கொண்ட தன் கையைப் பார்த்தார். "நான் இதக் கும்பிட்டேன் அண்ணாச்சி."

எல்லோரும்தான் கும்பிட்டார்கள். ஊர் முழுக்கப் பெத்துராசின் பக்கம் திரும்பியது.

பெத்துராசு பொய் சொல்லி வாழ்ந்த மனிதர் இல்லை. அதுதான் இதில் கொடுமை. தான் வாய் தவறிச் சொன்னதையே ஊர் வாயால் திரும்பத் திரும்பக் கேட்டு, அவரும் அதை நம்பிவிட்டிருந்தார். நம்பிக்கைக்கு அடியில் போட்டு மூடிய ஒரு பேச்சு இப்போது அந்த வெங்காய வாடையோடு மேலே வந்தது: "மொதலாளி, கொக்கி ஒடஞ்சு போச்சு, டவுன்ல சொல்லி ஒண்ணு வாங்கிருவோம்." "அறுப்பு முடியட்டும்டா, இப்ப வண்டி நின்னா எப்படி?" அதே தொழுவத்தில், அதே புளியமரத்தடியில். தன்னைத்தானே பார்த்துப் பயந்த மனிதரை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"கொடைக்குப் பேரக் கூப்பிடச் சொல்லிருவோம் மாரிக்கனி" என்றார் டீக்கடைக்காரர் அவசரமாக. "அதுல இனி பேச்சே இல்ல."

"கொடை பங்குனியில. அவரு மூச்சு இப்ப இருக்கு" என்றாள் மாரிக்கனி. பெத்துராசைப் பார்த்தாள். "மொதலாளி, என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும். இது தீருறதுக்குள்ள, இதுக்கு நேரா நின்னு சொல்லுங்க. அவரு பேரையும் சொல்லுங்க. வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள், காற்று மெலிந்துகொண்டிருந்தது. கொடியில் துணி ஆடவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீண்டது. "சீக்கிரம் அண்ணாச்சி, முடியப் போகுது" என்றார் ஞானதுரை. "சொல்லுங்க மொதலாளி" என்றது கூட்டம். பெத்துராசு திருகின் முன்னால் வந்து நின்றார், வாயைத் திறந்தார், மூடினார், தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி வாயைத் திறந்தார். துளையில் ஒரு குமிழி எழுந்து, பெரிதாகி, உடைந்தது. அதற்குப் பிறகு டீசல் வந்தது. நுரை இல்லாத, குமிழி இல்லாத, வெறும் டீசல்.

நல்லமாடன் "ஐயோ!" என்றான்.

பழகிய கை இருக்கிறதே, அது மனசைக் கேட்பதில்லை. சுத்தமான டீசலைக் கண்டதும் ஞானதுரையின் கை தானாகத் திருகை எடுத்துத் துளையில் வைத்து முறுக்கியது, தானாகச் சாவியைத் திருப்பியது. வண்டி ஒரு குலுக்குக் குலுங்கி, கரும்புகையை மரத்துமேல் கக்கி, பிடித்துக்கொண்டது. தடதடவென்று அந்தப் பழைய சத்தம் தொழுவம் முழுக்க நிறைந்தது. பழக்கத்தில் இரண்டு பெண்கள் குலவை போட ஆரம்பித்து, அரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளேதான் பெத்துராசின் உதடுகள் அசைந்தன. என்னவோ சொன்னார், சொல்லி முடித்துவிட்டதுபோலத் தலையைக் குனிந்தார், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு சொல்கூட யார் காதிலும் விழவில்லை.

மாரிக்கனி மட்கார்டில் கால் வைத்து ஏறினாள். காட்டுக்குக் கஞ்சி கொண்டுபோகிற நாளெல்லாம் சோலையப்பன் உட்கார்ந்த இடத்திலிருந்து சிரித்துக்கொண்டு, "நீயே நிப்பாட்டு" என்பான். இஞ்சினை நிறுத்துகிற கம்பி எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. பிடித்து இழுத்தாள். வண்டி இரண்டு முறை விக்கி, அடங்கியது.

மாடுகூட அசைபோடவில்லை.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி" என்றாள் மேலே நின்றபடியே. "அவருக்குக் கேக்காது. எங்களுக்குக் கேக்கும்."

பெத்துராசு நின்றார். திரும்பினார். அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது, அதைத் துடைக்கவில்லை.

"கொக்கி ஒடஞ்சு போச்சுன்னு சொன்னான்" என்றார். கனைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். "அறுப்பு முடியட்டும்னு நாந்தான் சொன்னேன். கொக்கி இல்லாம ஓட்டச் சொன்னது நான். அவன் குடிக்கல. குடிச்சான்னு சொன்னதும் நான்." பிறகு, கொடையன்று சாமியாடியின் காதில் மட்டுமே பெயர் சொல்லிப் பழகிய அந்த மனிதர், பந்தமும் மேளமும் இல்லாத அந்தப் பட்டப்பகலில், ஊருக்கே கேட்கும்படி கூப்பிட்டார்.

"சோலையப்பன்!"

அத்தனை கொடைகளிலும் தொண்டையிலேயே வைத்திருந்த சொல்லை மாரிக்கனி முழு மூச்சாக வெளியே விட்டாள்.

"இருக்கோம்!"

கூட்டம் திடுக்கிட்டுத் திருகைப் பார்த்தது, ஏனென்றால் வெங்காய வாடை மறுபடி அடித்தது. திருகு இறுக்கமாக மூடியிருந்தது. அன்று காலையில் மாரிக்கனியும் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சிதான் குடித்திருந்தாள்.